தவக்காலத்துக்கு ஆஸ்ட்ரோவையும் புலனத்தையும் நிறுத்தினேன், வீடு வெறுமையாகக் கிடக்கிறது

செந்தூல்காரன் | 16 மார்ச் 2025, ஞாயிறு இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தவக்காலத்தின் 40 நாள் கணக்கில் சேராது. அதனால் வாரத்தில் இன்று ஒருநாள் மட்டும் மகனுடைய கணினியில் எழுதுகிறேன். பதில் போட்டால் அடுத்த ஞாயிறுதான் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநீற்றுப் புதன் அன்று பூசை முடிந்து வந்த கையோடு ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிப் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) 37 குழுக்களில் இருந்தேன். அதில் கோயில் குழுக்கள் மட்டுமே 6. எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினேன். முகநூல், வலையொளி, காரில் ராகா வானொலி, காலையில் செய்தி, எல்லாம் நிறுத்தம். கைப்பேசி வேலை நேரத்தில் மட்டும். வீட்டுக்கு வந்தால் அணைத்து மேசை இழுப்பறைக்குள் போய்விடும். மறுநாள் காலை 10 மணிக்குத்தான் திறப்பேன்.

ஏன் என்றால், பிப்ரவரியில் ஒருநாள் கைப்பேசியிலேயே கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 4 மணி 50 நிமிடம். செபத்துக்கு நேரமில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரவு 8.30க்கு நாலு பேரும் உட்கார்ந்து விவிலியம் வாசித்து, செபமாலை சொல்லி முடிப்போம். 9.10 ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். மனைவி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் 3, கதவைச் சாத்திக்கொள்கிறான். அம்மாவுக்கு 74 வயது. அப்பா 2019இல் தவறியதிலிருந்து சாயங்காலம் 6.30 முதல் 10 மணி வரை அவருக்கு நாடகங்கள்தான். இப்போதும் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து, அணைந்து கிடக்கிற திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கையில் செபமாலை இருக்கிறது, மணி நகர்வதில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

எனக்கும் அப்படித்தான். கொம்யூட்டர் ரயிலில் கைப்பேசி இல்லாமல் நின்றால் ஆண்டவர் பேசுவார் என்று நினைத்தேன். பழைய சினிமாப் பாட்டும், பத்து வருஷத்துக்கு முன்னால் தம்பியோடு போட்ட சண்டையும்தான் வருகிறது. நற்செய்தியில் பேய் போன வீட்டைப் பற்றி ஓர் உவமை உண்டே. பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தும் உள்ளே யாருமில்லாததால் அது ஏழு பேயைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருமாம். அந்த இடத்தை வாசித்தபோது மேலே படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த 9.10க்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

---

கெப்போங் சகோதரர் | 16 மார்ச், இரவு 10.25

பிரதர், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பின்வாங்காதீர்கள். நான் 2008லேயே டிவியைத் தூக்கிப்போட்டவன். இன்றுவரை எங்கள் வீட்டில் இல்லை. நாற்பது நாள் விட்டுவிட்டு ஈஸ்டர் அன்று திரும்பப் போட்டால் எகிப்தை விட்டுப் புறப்பட்டவன் மறுபடி எகிப்துக்கே போன மாதிரிதான். அம்மாவுக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

---

கெலுகோர் டீச்சர் | 16 மார்ச், இரவு 11.05

செந்தூல் அண்ணே, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நோன்பு எடுத்தது நீங்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

திருச்சபை கட்டாயமாகக் கேட்கிற உணவு நோன்பே வருஷத்துக்கு இரண்டு நாள்தான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதையும் 60 வயதை எட்டியவர்களுக்குக் கட்டாயமாக்கவில்லை. 74 வயது அம்மாவுக்கு நீங்கள் 40 நாள் விதித்திருக்கிறீர்கள். என் மாமியாரும் இப்படித்தான், தாமான் துன் சார்டோன் அடுக்குமாடியில் பகல் முழுக்கத் தனியாக இருப்பவர். நாடகத்தில் வருகிற மருமகளைத் திட்டுவதற்காவது வாயைத் திறப்பார். அந்தக் கதாபாத்திரங்கள் அவருக்கு அக்கம்பக்கத்து மனிதர்கள் மாதிரி. நீங்கள் பெட்டியைக் கழற்றிய அன்று உங்கள் அம்மா வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து பேரை வெளியே அனுப்பிவிட்டீர்கள். அந்த இடத்தில் யாரை உட்கார வைத்தீர்கள்?

கோபத்தில் எழுதவில்லை அண்ணே.

---

பட்டர்வொர்த் தாதி | 17 மார்ச், காலை 8.15

இரவு வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களால் புலனத்தை விட முடியாது. வேலை அட்டவணை மாற்றம், யார் விடுப்பு, எல்லாம் அதில்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் விடுகிறேன் என்று ஆரம்பித்து நான்காம் நாளே தோற்றுப்போய், அந்த லெந்து (தவக்காலம்) முழுக்க மனம் உடைந்து கிடந்தேன்.

இப்போது விட்டிருப்பது கார் வானொலி மட்டும். தீவில் உள்ள மருத்துவமனைக்குப் பினாங்கு பாலத்தில் போகிறேன். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரம், இருந்தால் முக்கால் மணி. ஏறும்போது ஆரம்பித்து, என் வார்டில் இருக்கிற நோயாளிகளுக்காகக் கட்டில் எண் வரிசைப்படி ஜெபிப்பேன். 1ஆம் கட்டில் ஆப்பே (சீனப் பெரியவர்), நேற்று மகன் வரவில்லை. 2ஆம் கட்டில் பாட்டி, சர்க்கரை இறங்கவில்லை. இப்படியே போனால் இறங்கும்போது 20 தாண்டிவிடும். வார்டுக்குள் நுழையும்போது அவர்கள் எல்லாரும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

செந்தூல் அண்ணன் ரயிலில் பழைய சண்டை நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறார். அதை ஏன் விரட்டுகிறீர்கள்? தம்பிக்காக ஜெபிக்கச் சொல்லித்தான் அது வருகிறதோ என்னவோ.

---

பெயர் வேண்டாம் | 17 மார்ச், மதியம் 1.40

கெப்போங் சகோதரருக்கு ஒரு வார்த்தை. நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். எனக்கு 9 வயதில் அப்பா டிவியை எடுத்து வெளியே வைத்தார். பாட்டு கேட்கக்கூடாது, தமிழ்ப் பத்திரிகையில் சினிமாப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார். பள்ளியில் மற்ற பிள்ளைகள் பேசுவது எதுவும் எனக்குப் புரியாது. ஓய்வு நேரத்தில் தனியாக நிற்பேன். அப்பா எங்கள் ஆத்துமாவைக் காப்பாற்றத்தான் செய்தார், அது இப்போது தெரிகிறது. ஆனால் டிவி போன இடத்தில் அவர் வந்து உட்காரவே இல்லை. சபை வேலை, ஊழியம், கூட்டம். நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

வேலைக்குப் போன முதல் மாதமே டிவி வாங்கினேன். சபைக்குப் போவதை 9 வருஷம் நிறுத்திவிட்டேன். திரும்பி வந்தது வேறு கதை.

உங்கள் பிள்ளைகளிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா சகோதரரே?

---

லுத்தரன் பேரன் | 18 மார்ச், இரவு 8.30

பிரிக்பீல்ட்ஸிலிருந்து. நல்ல இழை. கொஞ்சம் பழைய விஷயங்கள் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 200ஆம் ஆண்டையொட்டி இதற்காகவே தனியாக ஒரு நூல் எழுதினார். அரங்கக் காட்சி, தேரோட்டம், வாள்சண்டை எதற்கும் கிறிஸ்தவர் போகக்கூடாது என்பது அவர் கட்சி. கெப்போங் சகோதரர் அந்த வரிசையில் வருகிறவர்.

அகுஸ்தினார் தம் நண்பர் அலிப்பியுவைப் பற்றி எழுதியிருப்பது எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது. ரோமாபுரியில் நண்பர்கள் அவரை வாள்சண்டை பார்க்க இழுத்துப் போகிறார்கள். உடம்பைத்தான் இழுக்க முடியும், கண்ணை மூடிக்கொள்வேன் என்கிறார். மூடியும்கொள்கிறார். காதை மூட முடியவில்லை. ஒருவன் விழுந்ததும் கூட்டம் ஓவென்று கத்துகிறது, என்னதான் ஆயிற்று என்று கண்ணைத் திறக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாமாகவே போனார், மற்றவர்களையும் கூட்டிப்போனார். கைப்பேசி அறிவிப்பு மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூட்டத்தின் கத்தல்தான் நினைவுக்கு வரும். நம்முடைய மன உறுதியை நம்பி மணியைத் திறந்து வைத்திருப்பது அலிப்பியு செய்த தப்புதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே நம்முடையது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், வெறும் 16 பக்கம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு சில வருஷத்திலேயே அங்கு அச்சகத்தை நிறுவி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்துவிட்டார். அன்றைக்கு அது புத்தம் புதிய ஊடகம். அதை ஒதுக்கியிருந்தால் என் பாட்டனார் கையில் வேதம் வந்திருக்காது. ஆகவே ஊடகத்தையே எகிப்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

கெலுகோர் டீச்சர் | 18 மார்ச், இரவு 9.20

உண்மை. எங்கள் அப்பா மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் கத்தோலிக்க வானொலியின் தமிழ்ப்பணியைக் கேட்பதற்காகவே சிற்றலை வானொலி வைத்திருந்தார். அந்தக் கரகரப்புக்கு நடுவில் கேட்ட குரல்தான் எனக்கு முதல் மறைக்கல்வி.

2020ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 26. அன்றைக்கு மறைக்கல்வி உரையில் போப் பிரான்சிஸ் சொன்னதே இதுதான். தவக்காலம் தொலைக்காட்சியை அணைத்து விவிலியத்தைத் திறக்கும் காலம், கைப்பேசியை விட்டு நற்செய்தியோடு இணையும் காலம் என்றார். மூன்றே வாரத்தில், மார்ச் 18ஆம் தேதி, நம் நாட்டில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கோயில் மூடியாயிற்று. எங்கள் மாமியார் ஞாயிற்றுக்கிழமை புடவை கட்டி, பூ வைத்து, என் மடிக்கணினி முன்னால் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அந்தத் திரையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இப்போது திருத்தந்தை பிப்ரவரி 14 முதல் மருத்துவமனையில் இருக்கிறார். எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கச் செபக் குழு) தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி அவருக்காகச் சொல்கிறோம். எப்படி இருக்கிறார் என்று தெரிவதே கைப்பேசியில்தான்.

---

மிண்டன் மாணவன் | 19 மார்ச், நள்ளிரவு 12.50

இந்த நேரத்தில் எழுதுவதே தப்பு என்று தெரியும். யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. பெரியவர்கள் நாடகம், செய்தி என்று பேசுகிறீர்கள். எனக்குச் சிக்கல் குட்டிக் காணொளிகள். நாடகத்துக்காவது முடிவு உண்டு, தொடரும் என்று போட்டுவிடுவார்கள். இதற்கு அடியே கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். பத்து நிமிடம் என்று படுத்தால் 3 மணி ஆகிவிடும். மறுநாள் என்ன பார்த்தேன் என்று யாராவது கேட்டால் ஒன்றுகூடச் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செயலியை நீக்குவேன், இரவு 11 மணிக்கு மறுபடி ஏற்றுவேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன், ஒரு வாரம் உதவியது. வேதாகமமும் அதே கைப்பேசியில் இருப்பதால் சங்கீதம் வாசிக்கத் திறந்தால் மேலே அறிவிப்பு வந்து விழும், விரல் தானாக அங்கே போய்விடும். அண்ணன்மாரே, நிஜமாகக் கேட்கிறேன், என்ன செய்வது?

---

பட்டர்வொர்த் தாதி | 19 மார்ச், காலை 9.00

தம்பி, முதலில் அச்சுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இரண்டாவது, அலாரம் கடிகாரம். கைப்பேசியைத் தலைமாட்டில் வைப்பதற்கு அலாரத்தைத்தான் எல்லாரும் காரணம் சொல்கிறோம். கடிகாரம் வந்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். கைப்பேசியை இரவு 10 மணிக்கு விடுதி நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். தனியாகப் போராட வேண்டாம். நோயாளிக்குத் தூக்கம் ஒரு மருந்து என்று தினமும் பார்க்கிறேன், நீங்கள் நாலு மணி நேரத் தூக்கத்தில் ஜெபிக்க நினைக்கிறீர்கள். எலியா வனாந்தரத்தில் சாக வேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் என்ன செய்தான்? தூங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான். மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

---

கெப்போங் சகோதரர் | 21 மார்ச், இரவு 11.30

பெயர் சொல்லாத சகோதரிக்கு. மூன்று நாளாக உங்கள் கேள்வி மனதில் இருந்தது. நான் ஏன் டிவியை எடுத்தேன் என்று இங்கே சொன்னதில்லை, சொல்கிறேன். எனக்குப் பந்துப் பந்தயம். ஐரோப்பிய ஆட்டங்கள் நம் நேரத்துக்கு விடியற்காலை 3 மணிக்கு வரும். உட்கார்ந்து பார்ப்பேன், தோற்பேன், தோற்ற பணத்தை எடுக்க மறுநாளும் கட்டுவேன். சம்பளம், மனைவியின் சங்கிலி, கடைசியில் வட்டிக்காரன் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றும் வரைக்கும் போனது. கர்த்தர் என்னைப் பிடித்த அன்றே டிவியை எடுத்தேன். எனக்குக் கொஞ்சம் பார்ப்பது என்பது கிடையாது. கண் உனக்கு இடறலானால் பிடுங்கிப்போடு என்ற வசனம் எனக்கு அப்படியே பொருந்தும்.

நேற்று என் மூத்த மகளிடம் கேட்டேன். கல்யாணமாகிப் பூச்சோங்கில் இருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க வீட்ல இருந்தீங்கப்பா, அதனால எங்களுக்குப் பெரிசாத் தெரியல" என்றாள். சகோதரி, உங்கள் அப்பாவுக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். செந்தூல் பிரதருக்கு நான் எழுதியதில் அம்மாவைப் பற்றிச் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது.

---

பெயர் வேண்டாம் | 22 மார்ச், காலை 7.10

நன்றி சகோதரரே. "நீங்க வீட்ல இருந்தீங்க." அதை நான் பலமுறை வாசித்துவிட்டேன்.

---

செந்தூல்காரன் | 23 மார்ச், ஞாயிறு இரவு 9.40

எல்லாவற்றையும் இப்போதுதான் வாசித்தேன். டீச்சர், நீங்கள் கேட்டது சரி. நான் அம்மாவிடம் கேட்கவில்லை. மனைவியிடம் பேசி முடிவெடுத்து, அம்மாவுக்கு அறிவித்தேன்.

இன்று பூசை முடிந்து வந்து பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டேன். அம்மா வேண்டாம் என்றார், நோன்பு கெட்டுவிடும் என்றார். அதுவரை அவரும் இதைத் தம் நோன்பாகத்தான் ஒப்புக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பேசி ஓர் ஏற்பாடு. அவருக்கு மிகவும் பிடித்த ஒரே நாடகம், அரை மணி நேரம், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முடிந்ததும் அணைத்துவிட்டுச் செபம்.

இன்னொன்று. என் அலுவலகத்தில் இந்த வருஷம் ரமலான் மார்ச் 2ஆம் தேதி ஆரம்பித்தது, நம் தவக்காலம் 5ஆம் தேதி. ஏறக்குறைய ஒன்றாக ஆரம்பித்தோம். மதியம் மாமாக் உணவுக் கடைக்குப் போகாமல், கைப்பேசியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து எதிர் மேசை மலாய்க்கார நண்பர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர், "பகலில் பசி ஒன்றுமில்லை, சாயங்காலம் நோன்பு திறக்கும்போது வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்காருவோமே, அதற்காகத்தான் காத்திருப்பேன்" என்றார். எங்கள் வீட்டு நோன்பில் அது இல்லையே என்று கொம்யூட்டரில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாங்கள் எதையோ மூடினோம், சேர்ந்து எதையும் திறக்கவில்லை.

திருத்தந்தை இன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார் என்று கோயில் வாசலில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தேவனுக்கு நன்றி.

---

லுத்தரன் பேரன் | 1 ஏப்ரல், காலை 11.15

புத்ரா ஹைட்ஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? எரிவாயுக் குழாய்த் தீ. 8 மணிக்கு மேல் ஆரம்பித்தது, இன்னும் எரிகிறது. பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரிகிறது. எல்லாரும் பத்திரமா?

---

கெப்போங் சகோதரர் | 1 ஏப்ரல், பிற்பகல் 12.05

பூச்சோங்கிலிருந்து மகள் கூப்பிட்டாள், அங்கிருந்து தெரிகிறதாம். அவர்கள் பத்திரம். ராயா (நோன்புப் பெருநாள்) இரண்டாம் நாள், எத்தனை குடும்பம் வீட்டில் இருந்திருக்கும். ஜெபியுங்கள்.

---

பட்டர்வொர்த் தாதி | 1 ஏப்ரல், பிற்பகல் 4.30

தீ அடங்கிவிட்டது என்று செய்தி. காயம் பட்டவர்களுக்காகவும் அவர்களைப் பார்க்கிற தாதியருக்காகவும் ஜெபம் வேண்டுகிறேன்.

---

செந்தூல்காரன் | 6 ஏப்ரல், ஞாயிறு இரவு 10.10

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பத்திரம். ஆனால் நடந்ததை எழுதியாக வேண்டும்.

என் தங்கை புத்ரா ஹைட்ஸில்தான் இருக்கிறாள், தீ வந்த இடத்துக்கு மிக அருகில். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கைப்பேசி வழக்கம்போல மேசை இழுப்பறைக்குள். அவள் குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறாள், நான் அதில் இல்லை. கூப்பிட்டிருக்கிறாள், அணைத்திருந்தது. 7 தடவை. மாப்பிள்ளை வெளிநாட்டில், அவளும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். வெறுங்காலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள், வெக்கை முதுகில் அடித்ததாம். பள்ளிவாசலில் திறந்த நிவாரண மையத்தில் யாரோ ஒரு மலாய் அம்மா (மாக்சிக்) செருப்பும் தண்ணீரும் கொடுத்து, பிள்ளைகளுக்கு ராயாப் பலகாரம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

நான் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன்? சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் (பாக்சிக்) 9.45க்குக் கதவைத் தட்டி, "உன் தங்கை அங்கேதானே?" என்று கேட்டபோதுதான் தெரியும். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன்தான், "மாமா, ஏன் போன் எடுக்கல?" என்று கேட்டான். இப்போது மூன்று பேரும் எங்களோடு செந்தூலில் இருக்கிறார்கள். வீட்டில் கூரை ஓடுகளைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்ய வேண்டும், சில வாரம் ஆகும்.

இந்தத் தவமே என் சுயநலம்தானோ என்று ஐந்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

கெலுகோர் டீச்சர் | 6 ஏப்ரல், இரவு 11.00

அண்ணே, அப்படி நினைக்காதீர்கள். உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வனத்து அந்தோனியாருக்குப் பெற்றோர் இறந்தபோது ஒரு தங்கை இருந்தாள். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தியைக் கேட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டார், தங்கைக்காகக் கொஞ்சம் எடுத்து வைத்தார். அப்புறம் தமக்குத் தெரிந்த நம்பிக்கையான கன்னியர் வீட்டில் அவளை ஒப்படைத்துவிட்டுத்தான் தவத்துக்குப் போனார். அவ்வளவு பெரிய துறவியே தங்கையை யார் கையிலாவது கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

நீங்கள் குழுவை விட்டதில் குற்றமில்லை. கூப்பிட்டால் எடுக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பழையபடி கம்பித் தொலைபேசி வைத்திருக்கிறோம். அந்த எண் ஆறே பேருக்குத் தெரியும். கைப்பேசியை அணைத்தாலும் அது அடிக்கும். அழைப்பு என்பது மனிதக் குரல். அதை நாம் விட்டொழிக்க வேண்டிய இரைச்சலோடு ஒரே மூட்டையில் கட்டினதுதான் தவறு.

---

மிண்டன் மாணவன் | 7 ஏப்ரல், காலை 7.20

செந்தூல் அண்ணே, தங்கை பத்திரமாக இருப்பதற்காக நன்றி செலுத்துகிறேன். நேரத்தைப் பாருங்கள், காலையில் எழுதுகிறேன். கைப்பேசியை அறை நண்பனிடம் கொடுக்கிறேன், அவன் இந்து. 10 மணி ஆனதும் அவனே வந்து கையை நீட்டுகிறான். வீட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் எழுப்பு என்று சொல்லியிருக்கிறேன். 18 நாளில் மூன்று நாள் தவறினேன். மாற்கு சுவிசேஷம் முழுக்க ஒரு தடவை முடித்துவிட்டேன், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை. இயேசு இருட்டோடு எழுந்து தனியே போய் ஜெபித்தார் என்று முதல் அதிகாரத்திலேயே வருகிறது. அவரையும் எல்லாரும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் ஒளிந்துகொள்ளவில்லை, எழுந்து அடுத்த ஊருக்குப் போனார்.

---

செந்தூல்காரன் | 20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு, இரவு 10.30

அனைவருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

பெரிய வெள்ளிக்கு இங்கே தீபகற்பத்தில் விடுமுறை இல்லையே, விடுப்பு எடுத்துக்கொண்டேன். அம்மா, மனைவி, மகன், தங்கை, பிள்ளைகள், எல்லாரும் சிலுவைப்பாதைக்குப் போய் வந்தோம். டீச்சர் சொன்னபடி ஒரு பழைய பொத்தான் கைப்பேசி வாங்கி, எட்டுப் பேருக்கு எண் கொடுத்திருக்கிறேன். அதில் முதல் ஆள் என் தம்பி. பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டேன். நாலு நிமிடம் பேசினோம், இரண்டு நிமிடம் மழையைப் பற்றி. தாதி அக்காவுக்கு நன்றி.

9.10க்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். நான் திட்டம் போட்டு எதுவும் நடக்கவில்லை. தங்கை பிள்ளைகள் வந்த பிறகு, இரவு செபம் முடிந்ததும் தூங்கமாட்டோம் என்று அழுவார்கள், தீ கனவில் வருகிறது என்பார்கள். அம்மா அவர்களை மடியில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பிறந்து வளர்ந்த கதை. பால்மர (ரப்பர்) காட்டுக்கு நடுவில் பலகைக் கோயில். குருவானவர் மாதம் ஒரு தடவைதான் வருவாராம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் வருவார், அவருக்கும் முடியாவிட்டால் என் பாட்டி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துச் செபம் சொல்லித் தருவாராம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மற்ற வீட்டுப் பிள்ளைகளும், இந்துப் பிள்ளைகள் உட்பட, வந்து உட்காருவார்களாம். ஒருநாள் லயத்தில் தீப்பிடித்தபோது பாட்டி முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடினார் என்ற கதையை மூன்று இரவு சொன்னார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சேர்ந்துகொண்டது. 45 வயதில் இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்கிறேன். மகன் கதவைத் திறந்து வந்து தரையில் படுத்துக் கேட்கிறான்.

தவக்காலம் முடிந்துவிட்டது, இனி நாடகம் பார்க்கலாம் என்று இன்று மாலை அம்மாவிடம் பெட்டியின் ரிமோட்டைக் கொடுத்தேன். பார்த்தார். அவருடைய நாடகம் முடிந்ததும் தாமே அணைத்தார். சின்னவன் ஏற்கெனவே தலையணையோடு வந்து நின்றுகொண்டிருந்தான்.

குழுக்களில் இரண்டில் மட்டும் திரும்பச் சேர்ந்திருக்கிறேன், குடும்பமும் அன்பியமும். மற்ற 35 பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

---

பெயர் வேண்டாம் | 20 ஏப்ரல், இரவு 11.15

அண்ணே, பாட்டி முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்?

---

செந்தூல்காரன் | 20 ஏப்ரல், இரவு 11.20

பக்கத்து வீட்டுக் குழந்தையை. அதன் அம்மா பால் வெட்டப் போயிருந்தாராம்.